மாடியில் ஐஸ் கிடையாது

குளச்சலில் ததேயுவின் ஐஸ் பிளான்ட் மாடியில்
ஐஸுக்குத் தடை.
கீழே கட்டிகள் பலகையில் சறுக்கி வந்து
அரவை எந்திரத்துக்குள் நொறுங்குகின்றன,
சாளைக்கும் நெத்தோலிக்கும்.
மேலே நான்கு கண்ணாடி டம்ளர்.
"ஒரு துண்டு போட்டேன்னு வையி,
உன்னையும் கடல்ல போட்டுருவேன்"
என்கிறான் கிளீட்டஸிடம்.

ஏழு வருடம் ஸ்காட்லாந்தின் வடகரையில்
அடுத்தவன் படகில் இறால் அள்ளியவன் ததேயு.
கடைசி வருடச் சம்பளத்தில் பாதி
இந்தக் குப்பிக்குள் இருக்கிறது.
அவன் மனைவிக்குத் தெரியாது.
எனக்குத் தெரியும்.

வடித்தது எழுபத்தைந்தில்.
மரப்பீப்பாய்க்குள் முப்பத்தொரு வருடம்.
வடித்த ஆலையை எண்பத்து மூன்றில் பூட்டிவிட்டார்களாம்.
அந்த வருடம்தான் நெய்யூர் ஆஸ்பத்திரியில்
நான் முதன்முதலாக வெள்ளைத் தொப்பி வைத்தேன்.
நான் ராத்திரி டூட்டி பார்த்த அத்தனை ராத்திரியும்
ஆளில்லாத கிட்டங்கியில், இருட்டில்,
யார் வருவார் என்று கேட்காமல்
அது நல்லதாகிக்கொண்டு இருந்திருக்கிறது.

தக்கை பாதியில் முறிந்தது.
ததேயுவுக்கு நெற்றியெல்லாம் வியர்வை.
மீதியை உள்ளே தள்ளிவிட்டு
என் பையிலிருந்த காஸ் துணியில் வடித்தோம்,
புண்ணுக்கு வைக்கிற துணி.
அது ஊறிப் பழுப்பானதைப் பார்த்து
பிழிந்து தரச் சொன்னான் கிளீட்டஸ்.

முதலில் மூக்கு என்றான் ததேயு.
வாயைக் கொஞ்சம் திறந்துவைத்து மணக்க வேண்டுமாம்.
கிளீட்டஸ் சொன்னான்: "ரப்பர் ஷீட்டுப் புகை.
எங்க குலசேகரத்துப் புகைப்பெரை மாதிரியே.
ஆனா நல்ல விறகு. ஈரம் இல்ல."
எனக்கு அயோடின்.
மூன்றாம் வார்டு, மழைநாள், கழுவிவிட்ட தரை.
ததேயு டம்ளருக்குள் பார்த்தபடி
"நனைஞ்ச கம்பளிக் கையுறை" என்றான்.
பிறகு, "ஒரு விரல் கிழிஞ்சது."

நான்காவது டம்ளர் சிலுவையடிமைக்கு.
ததேயுவின் மச்சான்.
குடியை விட்டுப் பதினொரு வருடம்.
அவன் கண் மஞ்சளாய்க் கிடந்த நாளில்
நரம்பு தேடி ஊசி குத்தியவள் நான்.
மணக்க மட்டும் என்று சொல்லித்தான் வந்தான்.
நான் அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
அடுத்த வீட்டுக் குழந்தையை வாங்குகிறவன்போல
இரண்டு கையாலும் வாங்கினான்.

"புகை வாசல்ல நிக்குது. அத விடு.
உள்ள போனா ஆரஞ்சுத் தோலு, காய வச்சது.
மாறாமலைக் கிராம்பு. ஒண்ணே ஒண்ணு.
அணைச்ச மெழுகுதிரி.
அதுக்கும் அடியில... பொறு..."

பொறுத்தோம்.
கீழே எந்திரம் எப்போது நின்றதென்று தெரியவில்லை.

"சக்கை.
சொளை இல்ல டேய். வெட்டின கத்தி.
அரக்கு ஒட்டாம இருக்கத் தடவுவோம்லா,
அந்தத் தேங்காஎண்ணெ."

பிறகுதான் நாங்கள் குடித்தோம்.
எல்லாம் அவன் வைத்த இடத்தில் இருந்தது.
கிராம்பு உட்பட, ஒன்றே ஒன்று.
எண்ணெய் மட்டும் எனக்குக் கிடைக்கவில்லை.
கிளீட்டஸ் வெகுநேரம் பேசவில்லை,
அவன் வாழ்க்கையில் அது அதிசயம்.
கடைசியில் "கொள்ளாம்" என்றான்.

பீப்பாயிலிருந்து வருடாவருடம்
கொஞ்சம் காற்றோடு போய்விடுமாம்.
தேவதூதர் பங்கு என்பார்களாம் அங்கே.
"முப்பத்தொரு வருசத்துல
கால்வாசிக்கு மேல அவங்க குடிச்சிருப்பாங்க"
என்றான் ததேயு.
சிலுவையடிமை சிரித்தான்:
"அவனுகளுக்கு லிவர் கெடையாதுல்லா."

அவன் டம்ளரைத் திருப்பிக் குப்பியில் ஊற்றினார்கள்.
ட்ரிப் பாட்டிலைப் பார்க்கிற பழக்கத்தில்
மட்டத்தைக் குனிந்து பார்த்தேன்.
ஒரு சொட்டும் குறையவில்லை.
அவனும் நான் பார்ப்பதைப் பார்த்தான்.

போகும்போது அந்தக் காஸ் துணியைக் கேட்டான்.
நான் கொடுத்திருக்கக் கூடாது.
கொடுத்தேன்.
மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு
மண்டைக்காட்டுக்குப் போகிற ஐஸ் லாரியில் ஏறினான்.
லாரி ஒழுக்கிய தண்ணீர்
ரோட்டில் கொஞ்ச நேரம் கிடந்தது.